சாளைக்கு ஒரு துப்பாக்கி

எங்க சாளையில் ஆசாரத்துச் சுவரில், ஒரு ஆள் உயரத்துக்கு ரெண்டு இரும்புக் கொக்கி அடிச்சிருக்கும். இப்போ ஒண்ணில் குடை தொங்குது, இன்னொண்ணில் அம்மாவோட டார்ச் லைட். எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) காலத்தில் அந்த ரெண்டு கொக்கி மேலயும் படுத்திருந்தது ஒரு நாட்டுத் துப்பாக்கி. கள்ளத் துப்பாக்கி இல்லைங்க, லைசென்ஸ் உள்ளது. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ்.

ஒரு வருசமா அந்தக் கொக்கியைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு பேச்சு ஓடுது. மறுபடி ஒரு துப்பாக்கி வாங்கி மாட்டலாமா?

நகரத்தில் இருந்து படிக்கிறவங்களுக்கு முதலில் சாளை பத்திச் சொல்லிடறேன். கொங்குப் பக்கம் எல்லா வீடும் ஊருக்குள் நெருக்கியடிச்சு இருக்காது. அவரவர் தோட்டத்தில், கிணத்துக்குப் பக்கத்தில் வீடு. அதைத்தான் தோட்டத்துச் சாளைன்னு சொல்றோம். பக்கத்துச் சாளை கூப்பிடு தூரத்தில் இருந்தால் உங்க அதிர்ஷ்டம். எங்களுது அந்தியூருக்கு மேற்கே, பர்கூர் மலை அடிவாரம். சுத்தி மஞ்சளும் மக்காச்சோளமும். நான் பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் குடியிருக்கேன், தினமும் விடிகாலையில் தோட்டத்துக்குப் போயிடுவேன். அம்மா மாட்டை விட்டு வரமாட்டாங்க. ராத்திரி அவங்க தனியாத்தான் இருக்காங்க.

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் அப்பா, அம்மா, மகன்னு ஒரே வீட்டில் 3 பேரைக் கொன்னாங்க. அடுத்த வருசம் சிவகிரி பக்கம் வயசான கணவன் மனைவி. சிவகிரியும் எங்க ஈரோடு மாவட்டம்தான். அன்னைக்கு ராத்திரி இந்தச் சீமையில் எத்தனை சாளையில் விளக்கை அணைக்காமல் படுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். அப்புறம்தான் டீக்கடை, கூட்டுறவு சொசைட்டி, கல்யாண வீடுன்னு எங்கே போனாலும் இதே பேச்சு: "தோட்டத்துல இருக்கறவனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் குடுக்கணுமுங்க." பெங்களூரில் இருக்கிற என் தம்பி விண்ணப்பப் படிவத்தையே பிரிண்ட் எடுத்து அனுப்பிட்டான்.

எனக்குத் தண்ணி பாய்ச்சுற நேரம் போக மீதி நேரத்தில் பழசைப் படிக்கிற பழக்கம். படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சது, டீக்கடையில் நாங்க போடுற சண்டைக்கு 200 வருசத்துக்கு மேல வயசு.

அதுக்கு முன்னாடி நம்ம ஊர்களில் ஆயுதம் இல்லாத காலமே இல்லை. தெற்கே மதுரை, திருநெல்வேலிப் பக்கம் ஊர்க்காவல்னு ஒரு முறை இருந்தது. காவல்காரர் ஊரைக் காக்கணும், மாடு களவு போனால் மீட்டுத் தரணும், இல்லைன்னா நஷ்டத்தைத் தரணும். அதுக்கு ஊர் விளைச்சலில் பங்கு கொடுக்கும். சில இடங்களில் காவல்காரரே களவுக்கும் உடந்தை. மாடு திரும்பி வரத் துப்புக்கூலி கொடுக்கணும். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ராத்திரி யார் பொறுப்புன்னு ஊருக்குத் தெரியும்.

1801-ல் பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கைச் சீமையும் வெள்ளைக்காரனோடு மோதித் தோத்த பிறகு, அந்த டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். பாளையங்களில் இனி துப்பாக்கியும் ஈட்டியும் யாரும் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும், இனி காவல் கம்பெனியோட வேலை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடிச்ச மண்ணில் ஏர் ஓட்டி ஆமணக்கு விதைச்சாங்கன்னு சொல்லுவாங்க. எங்க பக்கம் தீரன் சின்னமலையை 1805-ல் சங்ககிரியில் தூக்கில் போட்டதோடு கதை முடிஞ்சது. வரி கட்டு, ஆயுதத்தைக் கொடு, நான் காப்பாத்துறேன்: இதுதான் அந்தப் பிரகடனம் சொன்ன பேரம். கொடுத்தது நடந்தது. காப்பாத்தினது எந்த அளவுன்னா, அதுக்கப்புறமும் நூறு வருசம் ஊர்கள் திருட்டுத்தனமா காவல்கூலி கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தன.

எனக்கு இதில் ரொம்ப வேடிக்கையாப் படுற இடம் 1860. இந்தியத் தண்டனைச் சட்டம் அந்த வருசம்தான் வந்தது. அதுக்கு மெக்காலே தலைமையில் 1837-லேயே வரைவு போட்டுட்டாங்க. தற்காப்பு உரிமை பத்தி அதில் ஒரு விளக்கம் எழுதினாங்க. இந்த நாட்டு ஜனங்கள் கொள்ளைக்காரன்கிட்ட ரொம்பப் பொறுமையா இருக்காங்க, அவங்களைத் தட்டி எழுப்பணுமே ஒழிய தற்காப்புக்கு மேலும் மேலும் கட்டுப்பாடு போடக் கூடாதுங்கற மாதிரி போகும் அந்த விளக்கம். அதனால் சட்டத்தில் உரிமை நல்லாவே இருக்கு. ராத்திரி வீட்டை உடைச்சு உள்ளே வர்றவனைத் தடுக்க வேற வழியில்லைன்னா, அதில் அவன் செத்தால்கூடக் குத்தமில்லை. 2024-ல் வந்த புதுச் சட்டத்திலும், பாரதிய நியாய சன்ஹிதாவில், 41-ஆம் பிரிவா அது அப்படியே இருக்கு. வரம்பும் உண்டு: போலீசைக் கூப்பிட அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல அடிக்கவும் கூடாது.

1860-ன் 45-ஆம் சட்டம் அது. அதே வருசத்து 31-ஆம் சட்டம் என்ன தெரியுங்களா? ஆயுதங்களைப் பறிக்கிற சட்டம். 1857 கலகத்தில் பயந்து போனவங்க போட்டது. ஒரே வருசத்தில் ஒரு கையால் தற்காப்பு உரிமையைக் கொடுத்து, இன்னொரு கையால் ஆயுதத்தை வாங்கிக்கிட்டாங்க. என்னைக் கேட்டால் இன்னைக்கு வரைக்கும் நாம நிக்கிற இடம் அதுதான்.

1878-ல் லிட்டன் வைஸ்ராயா இருக்கும்போது இதை இன்னும் இறுக்கி நாடு முழுக்க ஒரே ஆயுதச் சட்டம் ஆக்கினாங்க. இந்தியனுக்கு லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. காங்கிரசோட மூணாவது மாநாடு 1887-ல் நம்ம சென்னையில் பத்ருத்தீன் தியாப்ஜி தலைமையில் நடந்தபோது, இந்தச் சட்டத்தைத் தளர்த்தணும்னு தீர்மானம் போட்டாங்க. விசுவாசமான ஜனங்கள் மேல இது வீண் பழின்னு அவங்க வாதம். கவனிச்சுப் பாருங்க, "எங்களுக்கு உரிமை"ன்னு கேக்கலை, "நாங்க விசுவாசிகள்தானே"ன்னு கேட்டாங்க.

விசுவாசத்துக்குத் துப்பாக்கி கொடுத்த கதை ஒண்ணு இங்கேயே பக்கத்தில் இருக்கு. எங்க மலையைத் தாண்டினால் கொள்ளேகால், அங்கிருந்து மைசூர் வழியாப் போனால் குடகு. மிளகு நாத்து வாங்க ஒருதடவை மடிக்கேரிப் பக்கம் போனேன். ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இரட்டைக் குழல் துப்பாக்கி. "லைசென்ஸ் எங்கே வாங்கினீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. அவங்களுக்கு லைசென்ஸே வேண்டாம். 1857-க்குப் பிறகு எல்லார் ஆயுதத்தையும் பிடுங்கினப்போ, மைசூர் கமிஷனரா இருந்த மார்க் கப்பன் 1861-ல் குடகர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். அந்த விலக்கு சுதந்திரத்துக்குப் பிறகும் தொடருது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சது, 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும்னு சொல்லிடுச்சு. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைச்சுக் கும்பிடறாங்க. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, சாவுக்கு ரெண்டு வெடி.

எங்க டீக்கடையில் குடகைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவாங்க. "அங்க வெச்சிருக்கான், என்ன கெட்டுப்போச்சு?" நல்ல கேள்விதான். ஆனால் அங்கே அது வீட்டுக்கு வீடு பரம்பரையா வந்த பொருள், அதைச் சுத்திச் சடங்கும் கட்டுப்பாடும் இருக்கு. நாளைக்குக் கடையில் வாங்கி மாட்டுற துப்பாக்கிக்கு அதெல்லாம் கூடவே வந்துடாது. அதுவுமில்லாமல் குடகிலேயே இருக்கிற எல்லாருக்கும் அந்த விலக்கு இல்லை. குடகர் இனத்துக்கும் ஜம்மா நிலம் வைச்சிருக்கிறவங்களுக்கும்தான். அந்த வீட்டுக் காப்பிக் காட்டில் பழம் பறிச்சுக்கிட்டிருந்த கூலிக்காரங்களுக்கு இல்லை.

காந்தி ஆயுதச் சட்டத்தைத் திட்டினார்னு வாட்சப்பில் ஒரு செய்தி அடிக்கடி சுத்தும். பொய் இல்லை. ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கின சட்டத்தை வெள்ளை ஆட்சியோட ரொம்பக் கறுப்பான காரியமா வரலாறு பார்க்கும்னு எழுதினார். எதில் எழுதினார்னு மட்டும் வாட்சப்பில் வராது. 1918-ல் கேடா மாவட்டத்தில் முதல் உலகப்போருக்கு ஆள் சேர்க்கத் துண்டறிக்கை போட்டாரே, அதில். பட்டாளத்தில் சேருங்க, அப்போ ஆயுதம் பழகலாம், சட்டமும் மாறும்னு விவசாயிகளுக்குச் சொல்ல வந்த வாக்கியம் அது. விவசாயிங்க போகலைங்கறது வேற விசயம்.

1931 கராச்சி காங்கிரசில் அடிப்படை உரிமைகள்னு ஒரு பட்டியல் போட்டாங்க. அதில் குடிமகன் ஆயுதம் வைச்சிருக்கிற உரிமையும் ஒண்ணு, விதிமுறைக்கு உட்பட்டு. அப்புறம் 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை எடுத்துக் காட்டி, அரசியல் சட்டத்திலும் சேர்க்கணும்னு திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஒத்துக்கலை. அப்படி எல்லாருக்கும் பொதுவா எழுதி வைச்சால் குத்தமே தொழிலா இருக்கிறவனுக்கும் அதே உரிமை போகும்னார். குடிமகனுக்கு இதில் இருக்க வேண்டியது உரிமை இல்லை, கடமைன்னும் சொன்னார். நாட்டுக்கு ஆபத்து வந்தால் கூப்பிடும்போது ஆயுதம் எடுக்கணும், அவ்வளவுதான். திருத்தம் தோத்தது. 17 வருசத்துக்கு முன்னாடி அதே கட்சி கேட்ட உரிமை. நடுவில் பிரிவினை நடந்து முடிஞ்சிருந்தது, பிர்லா மாளிகையில் காந்தியைச் சுட்டு 10 மாசம் ஆகியிருந்தது.

அப்புறம் 1959-ல் புது ஆயுதச் சட்டம். கொள்ளைக்காரன் கையில் துப்பாக்கி இருக்கு, ஒழுங்கா இருக்கிறவன் கையில் இல்லைன்னு அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவங்களே காரணத்தில் எழுதினாங்க. டீக்கடை வாதம்தான், பார்லிமெண்டில். அதில் விவசாயிக்குன்னு ஒரு இடம் இருக்கு: பயிரைக் காக்க, குழல் வாய் வழியா மருந்து இடிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ். பழைய சட்டத்திலும் பயிருக்குன்னு லைசென்ஸ் உண்டு. எங்க அப்பாரு வாங்கினது அதுதான், 1954-ல்.

அது எப்படி வேலை செய்யும்னு சொல்லணும், ஏன்னா லைசென்ஸ் கேக்கிற பாதிப் பேர் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. குழலுக்குள் கருமருந்தைக் கொட்டணும். தேங்காய் நாரை உருண்டையா உருட்டிப் போட்டு நீளக் கம்பியால் இடிக்கணும். மேல ரவைக் குண்டு. மறுபடி நார், மறுபடி இடி. கடைசியில் பின்னாடி கேப்பை மாட்டணும். கை பழகினவனுக்கே ஒரு நிமிசம் ஆகும். அதுக்கப்புறம் ஒரே ஒரு வெடி. மழை ஈரம் பட்டிருந்தால் அதுவும் இல்லை. பன்னிக்கூட்டம் வெடிச் சத்தத்துக்கே ஓடிடும், அதனால் பயிருக்கு அது போதும். கத்தியோடு மூணு பேர் வந்தால்?

சரி, இப்போ எங்க வீட்டுக் கதை. இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். 1963 கார்த்திகை மாசம், கடலை பிடுங்குற சமயம். ராத்திரி கடலைக்காட்டில் சலசலப்பு. பன்னி பறிக்குதுன்னு நெனச்சு அப்பாரு பரணில் இருந்தே சுட்டுட்டார். கேட்டது மனுசக் குரல். ஊருக்குக் கிழக்கே இருந்த காலனிப் பையன், 17 வயசு, துண்டில் கொஞ்சம் கடலையைப் பிடுங்கி முடிஞ்சுக்கிட்டு இருந்திருக்கான். தொடை முழுக்க ரவை. மாட்டு வண்டியில் வைச்சு ராத்திரியோட ராத்திரியா பவானிக்குக் கொண்டு போனாங்க. உயிர் பொழைச்சது, கால் சரியாகலை. கேஸ் ஆகலை. ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு ஆட்டுக்குட்டியும் கொடுத்து அப்பாரு முடிச்சுட்டார். ஒரு கை கடலைக்காக மனுசனைச் சுடலாம்னு எந்தச் சட்டமும் சொல்லலை. இருந்தாலும் அந்த வீட்டில் யாரும் ஸ்டேஷன் படி ஏறலை. யாருக்காகப் பேசும்னு அவங்களுக்குத் தெரியும். எங்க ஆத்தா சாகிற வரைக்கும் அதுக்கப்புறம் கடலைக்காட்டுக்குக் காவல் போடவே விடலை.

பையன்னு சொன்னேனே, அந்தப் பெரியவர் எனக்குத் தெரிஞ்சு சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் நடப்பார். சின்னப் பிள்ளையில் அது பிறவிக் குறைன்னு நெனச்சிருந்தேன். காரணத்தை எனக்கு முதலில் சொன்னது என் வீட்டு ஆள் யாரும் இல்லை.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிஞ்சு செத்தாங்க, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அன்னைக்கு வந்தவங்க கையில் துப்பாக்கி இருந்தது. குடிசைக்குள் ஓடி ஒளிஞ்சவங்க கையில் இல்லை. கிராமத்தில் துப்பாக்கி என்கிற பேச்சு வரும்போது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வர்றதில்லைங்க.

எங்க துப்பாக்கி போனது வீரப்பன் காலத்தில். அப்பாரு போன பிறகு லைசென்ஸும் தன்னால போச்சு. அது பட்டா மாதிரி வாரிசுக்கு மாறாது, புதுசா விண்ணப்பிக்கணும். அப்பா அந்த வேலையில் இருக்கும்போதே, மலை ஓரத்தில் இருக்கிற துப்பாக்கியெல்லாம் கொண்டு வந்து ஒப்படைங்கன்னு சொல்லிட்டாங்க. கொண்டு போய்க் கொடுத்தார். ரசீது மட்டும் பீரோவில் மடிச்சு வைச்சபடி இருக்கு. துப்பாக்கி எங்கேன்னு கேட்டு அப்பா ரெண்டு மூணு தடவை நடந்தார், அப்புறம் விட்டுட்டார்.

இப்போ பன்னி முன்னைவிட ஜாஸ்தி. வனவிலங்குச் சட்டத்தில் அதைச் சுட நமக்கு அதிகாரம் இல்லை. காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம்னு 2025-ல் அரசு உத்தரவு வந்திருக்கு. எங்க தோட்டம் அந்தக் கணக்குக்கு உள்ளே. அதனால் பயிருக்குன்னு துப்பாக்கி வாங்கி என்ன செய்யறது, சத்தம் போடறதுக்கு வெடி வாங்கினால் போதும்.

உயிர்க் காவலுக்குன்னு கேட்டால் அது வேற லைசென்ஸ். 2016 விதிப்படி பயிற்சி எடுத்த சான்றிதழ் வேணும், பூட்டி வைக்கிற ஏற்பாடு வேணும், போலீஸ் விசாரணை உண்டு. எலெக்சன் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைச்சுட்டு முடிஞ்ச பிறகு வாங்கிக்கணும். இதெல்லாம் தப்புன்னு நான் சொல்ல வரலை. பூட்டி வைக்கணும்னு சொல்றது நியாயம்தான். ஆனால் பூட்டி வைச்ச துப்பாக்கியின் சாவியை 74 வயசில் இருட்டில் தேடி எடுக்கணும். தேடி எடுக்கிற நேரம் இருந்தால், போலீசுக்குப் போன் பண்ணவும் நேரம் இருந்துச்சேன்னு கோர்ட்டில் கேப்பாங்க. தனியா இருக்கிற கிழவி வீட்டில் துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சால் நகைக்கு வர்றவன் அதுக்கும் சேர்த்து வருவான். தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்ப சும்மா உக்காந்திருக்கச் சொல்றியா?"ன்னு கேட்டான். அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. சிவகிரிச் செய்தி வந்த அன்னைக்கு ராத்திரி என் கையில் துப்பாக்கி கொடுத்திருந்தால் நானும் வாங்கியிருப்பேன்.

அப்பாரு காலத்தில் அந்தச் சாளையில் ராத்திரி படுத்திருந்தவங்களை அம்மா ஒருநாள் விரல் விட்டு எண்ணினாங்க. பண்ணையத்து ஆளுங்களையும் சேர்த்து 14 பேர். நாய் மூணு. துப்பாக்கியையும் சேர்த்துக்கலாம்.

போன மாசம் டீக்கடையில் இதே பேச்சு சூடா ஓடிக்கிட்டு இருந்தது. அந்தப் பெரியவரோட பேரன் பக்கத்தில் நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தான். என் வயசுதான், டிராக்டர் வைச்சிருக்கான், எங்க தோட்டத்துக்கும் அவன்தான் உழவு ஓட்டுவான். யாரோ அவனையும் இழுத்து, "நீ என்னப்பா சொல்றே?"ன்னு கேட்டாங்க. "குடுத்தா எங்க காலனிக்கும் குடுப்பாங்களாண்ணா?"ன்னான். கடையில் ஒரு நிமிசம் யாரும் பேசலை. அப்புறம் ஒருத்தர் மஞ்சள் விலையை ஆரம்பிச்சார்.

அம்மாகிட்ட வந்து துப்பாக்கி வாங்கலாமான்னு நேரடியாவே கேட்டேன். "மருந்து இடிச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சுரும் போ"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச துப்பாக்கி அது ஒண்ணுதானே. இப்போதைக்குத் தென்னை மரத்தில் ரெண்டு லைட்டு, ஒரு கேமரா, கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருக்கேன். ஒரு நாய்க்குட்டியும் வந்திருக்கு, இதுவரைக்கும் என்னைப் பார்த்துத்தான் குரைக்குது.

பட்டன் போன் ஒண்ணு வாங்கிக் கொடுத்து, ஒரு நம்பரை அமுக்கினால் ஒரு ஆளுக்குப் போற மாதிரி செட் பண்ணப் பார்த்தேன். அம்மா ஏற்கனவே யார்கிட்டயோ கொடுத்துப் பண்ணி வைச்சிருந்தாங்க. ரெண்டில் நான், மூணில் போலீஸ். ஒண்ணாம் நம்பரில் அந்த டிராக்டர்க்காரன்.

"ஏம்மா?"ன்னேன்.

"நீ வர இருவது நிமிசம் ஆகும் சாமி. அவன் ரெண்டு நிமிசத்துல வந்துருவான்."

தம்பி அனுப்பின படிவம் பீரோவில், அந்தப் பழைய ரசீதுக்குப் பக்கத்தில் இருக்கு. தைக்கு வர்றான். அப்போ மறுபடி பேசணும்.